1966 பிரிசிஷன் பாஸ்: எதைத் தொடுவது, எதை விடுவது

இந்த ஆய்வுக்கு உட்பட்ட கருவி ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பாஸ் கிட்டார். பழுதுபார்க்க வந்தபோது அதில் ஒலி அநேகமாக இல்லை. ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை முழுதும் திறந்தால் ஈனமான, கனமற்ற ஒரு கீச்சு மட்டும் கேட்டது. நெக், அதாவது கருவியின் கழுத்து, முன்னோக்கி வளைந்திருந்ததால் தந்திகள் ஃபிங்கர்போர்டிலிருந்து, அதாவது விரல் அழுத்தும் பலகையிலிருந்து, வெகு உயரத்தில் நின்றன. அப்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில், தலைப்பக்கத்தை ஒட்டிய தாழ்ந்தவற்றில், தந்திகள் பதிந்து பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி, தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்புக்காக, தொழிற்சாலை வெட்டாத இன்னொரு குழி இருந்தது. மேற்பூச்சும் பிற்காலத்தது.

உரிமையாளர் மேடையில் தொடர்ந்து வாசிப்பவர். கருவியை விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. எனினும் அவருக்கு முன்னால் மூன்று யோசனைகள் வைக்கப்பட்டிருந்தன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே முழுமையாக மீட்டெடுக்கலாம் என்றார் ஒருவர். புது நெக்கும் புது பிக்கப்பும் பொருத்தி உடனே வாசிக்கத் தொடங்கலாம் என்றார் இன்னொருவர். பழைய பாகங்களைத் தனித்தனியே விற்றுவிட்டு அந்தப் பணத்தில் நல்லதொரு புதுக் கருவியே வாங்கிவிடலாம் என்பது மூன்றாவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது யோசனை அபத்தமானதன்று. பழைய கருவிச் சந்தையில் நெக், பிக்கப், ஏன், திருகுகள்கூடத் தனித்தனியே விலைபோகின்றன. ஆனால் வாசிப்பதற்காக வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லத் தக்க யோசனை அதுவன்று என்பது என் கருத்து.

முதல் இரண்டில் எதைத் தேர்வது என்ற கேள்வியையே நான் ஏற்கவில்லை. கருவி முழுவதற்கும் ஒரே தீர்ப்பு எழுத முயன்றால், ஏற்கெனவே அழிந்துபோன பகுதிக்காகப் பணம் செலவாகும். இன்னும் அழியாத பகுதி அந்த உற்சாகத்தில் அழியும். ஆகவே எது எஞ்சியிருக்கிறது, எது போய்விட்டது என்று பாகம் பாகமாகப் பார்ப்பதிலிருந்து தொடங்கினேன்.

எஞ்சியிருப்பவை

பிரிசிஷன் பாஸ் 1951இல் அறிமுகமானது. இன்று நாம் காணும் இரு துண்டு பிக்கப் அதற்கு 1957இல் வந்தது. லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றது 1965 ஜனவரியில். எனவே இந்தக் கருவி நிர்வாகம் கைமாறிய பிறகு, ஆனால் பழைய செய்முறைகள் பெரும்பாலும் மாறாதிருந்த காலத்தைச் சேர்ந்தது. நெக்கைக் கழற்றியபோது அதன் அடிமுனையில் ‘5 மார்ச் 66 சி’ என்று பொருள்படும் மைமுத்திரை மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காலத்து முத்திரைகளில் 5 என்பது பிரிசிஷன் பாஸைக் குறிக்கும். இறுதி எழுத்தான சி, தந்திகள் தங்கும் தலைப்பக்க நட்டில் நெக்கின் அகலம் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 44.5 மி.மீ., என்பதைக் குறிக்கும்.

ஒலியைக் கட்டுப்படுத்தும் சுழல் மின்தடைகளான பொட்டென்ஷியோமீட்டர் இரண்டும் 250 கிலோ ஓம். அவற்றின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருந்தது. 137 தயாரிப்பாளரான சிடிஎஸ்ஸின் குறியீடு. அதையடுத்த ஈரிலக்கம் ஆண்டையும், அதற்கடுத்த ஈரிலக்கம் வாரத்தையும் காட்டும். ஆண்டு 66 என்றிருந்தது. இதை மட்டும் நம்பிக் கருவிக்கு வயது சொல்லக் கூடாது. 1966இல் ஃபெண்டர் இவ்வகைப் பாகங்களைப் பெரும் எண்ணிக்கையில் வாங்கிக் குவித்து, பல ஆண்டுகள் அவற்றையே பயன்படுத்தி வந்தது. ஆகவே 66 என்ற எண், ‘அதற்கு முந்தியதன்று’ என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாது. நெக்கின் முத்திரையோடு ஒத்துப்போவதால்தான் இங்கே அதற்கு மதிப்பு.

ஆல்டர் மர உடலும் அசல்தான். நெக் அமரும் குழியில், பூச்சு அடிக்கும்போது உடலைப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலையில் திருகிய கட்டை மறைத்திருந்த இடம் பூச்சின்றி வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையின் ஓரத்தில் நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருமையாகும் பழைய சன்பர்ஸ்ட் பூச்சின் மஞ்சள் நூலிழைபோல் எஞ்சியிருந்தது. மற்ற இடமெங்கும் யாரோ சுரண்டியெடுத்துவிட்டுத் தடித்த கறுப்புப் பூச்சை ஏற்றியிருந்தார்கள். உப்புத்தாளின் அவசரத்தில் உடலின் விளிம்பு வளைவுகளும் சற்று மழுங்கியிருந்தன.

ஆக, சேகரிப்பாளர் தேடும் அசல் தோற்றம் போய்விட்டது. அதை எவ்வளவு செலவு செய்தாலும் திரும்பப் பெற முடியாது, அதுபோன்ற ஒன்றைப் புதிதாகச் செய்யத்தான் முடியும். நெக், பிக்கப், மின்சுற்று ஆகிய மூன்றும் அசலாக எஞ்சியிருந்தன. கருவியின் குரலும் கைக்குப் பிடிபடும் உணர்வும் இந்த மூன்றில்தான் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன. உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது, பூச்சைப் பற்றிய கவலை அவருக்கு அங்கேயே பாதி தீர்ந்துவிட்டது.

நெக்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ.; நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ வரையிலான இழுவிசையை அந்த மேப்பிள் துண்டின்மேல் இடைவிடாமல் செலுத்துகின்றன. அதை எதிர்ப்பதற்காக உள்ளே வளைவாகப் பதிக்கப்பட்ட எஃகுக் கம்பிதான் டிரஸ் ராட். அக்காலக் கருவிகளில் அதை இறுக்கும் திருகு நட் நெக்கின் அடிமுனையில் மறைந்திருப்பதால், சற்றே திருகிப் பார்ப்பதற்கும் நெக்கைக் கழற்ற வேண்டும். இந்த எரிச்சலே பல பழைய நெக்குகள் கவனிப்பாரின்றி வளைந்துபோனதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி, முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கனமான ஈ தந்தியை அழுத்திப் பிடித்து எட்டாவது ஃபிரெட்டில் இடைவெளியை அளந்தபோது 0.9 மி.மீ. இருந்தது. 0.3 அல்லது 0.4 இருந்தால் போதுமானது. டிரஸ் ராட் நட்டோ இனித் திரும்பாது என்ற நிலையில் இறுகியிருந்தது. அதன் சிலுவைப் பள்ளமும் தவறான திருப்புளிகளால் சிதைந்திருந்தது. இந்தக் கட்டத்தில்தான் ‘நெக் போய்விட்டது’ என்ற தீர்ப்பு வழக்கமாக எழுதப்படுகிறது. முன்பு பார்த்தவர் ஒருவரும் அதையே எழுதிக் கொடுத்திருந்தார்.

இறுகிய நட் இரண்டு விதமாக இருக்கலாம். கம்பி உண்மையிலேயே தன் எல்லைவரை இழுபட்டிருக்கலாம்; அல்லது, பல்லாண்டுகளாக மரம் நசுங்கி நசுங்கி நட் உள்ளே நகர்ந்து, கம்பியில் மரை வெட்டிய பகுதி முடியும் இடத்தில் முட்டி நின்றிருக்கலாம். பின்னதில் நட் இறுகுமேயன்றி கம்பி இறுகாது. வேறுபாட்டை அறியும் சோதனை எளிது, எதையும் கெடுக்காது. நட்டை மெதுவாகப் பின்னோக்கித் திருகி முழுவதும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, துளி எண்ணெய் இட்டு, நட்டுக்கும் மரத்துக்கும் இடையில் எஃகு வாஷர்களைச் சேர்த்து மீண்டும் திருக வேண்டும். கழற்றியபோது நட்டின் உட்புறத்தில் கடைசி மரைச்சுற்று மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. முட்டி நின்றதற்கு அதுவே சாட்சி. வாஷர்களைச் சேர்த்ததும் கால் சுற்றுக்கும் குறைவான திருகலிலேயே நெக் அசையத் தொடங்கியது. ஓரிரு நாள் மரத்தை அமரவிட்டு, சிறிது சிறிதாக இறுக்கியதில் எட்டாவது ஃபிரெட்டின் இடைவெளி 0.3 மி.மீ.க்கு இறங்கியது. நெக்கை மாற்றுவது என்ற யோசனை இதனோடு முடிவுக்கு வந்தது.

ஆனால் நெக் நேரானதும் அதுவரை மறைந்திருந்த இன்னொரு குறை தெளிவாகத் தெரிந்தது. நேர்விளிம்பு அளவுகோலை வைத்தால், பதினைந்தாவது ஃபிரெட்டுக்கு மேல் ஃபிங்கர்போர்டு மேல்நோக்கி எழும்பி, இறுதியில் சுமார் 0.4 மி.மீ. உயரத்தில் நின்றது. நெக் உடலோடு திருகப்படும் அந்தப் பகுதியை டிரஸ் ராட் கட்டுப்படுத்துவதில்லை. நெக் குழியின் உள்ளோரத்தில் யாரோ ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்திருந்தார்கள். தந்தி உயரத்தைக் குறைக்கும் பழைய தந்திரம் அது. அட்டைக்கு முன்னால் வெற்றிடம் இருக்க, திருகுகள் நெக்கின் அடிப்பகுதியைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் இவ்வெழுச்சி உண்டாகிறது என்று பழுதுபார்ப்போர் பலர் கருதுகின்றனர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

எழும்பிய பகுதியைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. வெப்பமூட்டி அழுத்திப் பிடித்து மரத்தை இறக்கலாம். சில நெக்குகள் அப்படியே நிற்கும், சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்புபவையும் உண்டு, இடையிலுள்ள பழைய பசை என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எல்லா ஃபிரெட்டுகளையும் பிடுங்கிவிட்டு ஃபிங்கர்போர்டையே இழைத்துச் சமன் செய்யலாம். பாடநூல் முறை இதுதான். மூன்றாவது, மரத்தைத் தொடாமல் ஃபிரெட்டுகளின் உயரத்தைக் கொண்டே சமன் செய்வது.

இரண்டாவது வழியை நான் விலக்கியதற்குக் காரணம் ஃபிங்கர்போர்டின் கட்டுமானம். 1959 முதல் 1962 வரை ஃபெண்டர் தடித்த ரோஸ்வுட் பலகையைத் தட்டையாக ஒட்டியது. அதன் பிறகு மேப்பிளின் மேற்பரப்பையே வளைவாக வெட்டி, அதன்மேல் மெல்லிய ரோஸ்வுட் பட்டையை வளைத்து ஒட்டும் முறைக்கு மாறியது. இந்தக் கருவியில் இருப்பது அந்த மெல்லிய பட்டை. நெக்கின் பக்கவாட்டில் பார்த்தால் ரோஸ்வுட்டுக்கும் மேப்பிளுக்கும் இடைப்பட்ட கோடு வளைந்து செல்வது தெரியும். கடைசி ஃபிரெட்டுகளின் அருகே 0.4 மி.மீ. இழைத்தால் இந்தப் பட்டையின் கனத்தில் கணிசமான பங்கு போய்விடும். அடுத்த தலைமுறையில் பழுதுபார்ப்பவருக்கு இழைக்க எதுவும் மிஞ்சாது. மேலும் இது பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்குமானால் அதே மரத்தால் ஈடுசெய்வதும் எளிதன்று. 1992 முதல் அம்மரம் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கிறது.

ஆகவே ஃபிரெட்டுகளை அளந்தேன். அக்கால வகைக் கம்பி ஏறத்தாழ 2 மி.மீ. அகலமும் 1.1 மி.மீ. உயரமும் கொண்டது. இங்கே முதல் ஏழெட்டு ஃபிரெட்டுகளில் பள்ளத்தின் அடியில் 0.5 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருந்தது; பதினைந்துக்கு மேலோ அதிகத் தேய்மானம் இல்லாமல் 0.95 வரை இருந்தது. வாசித்தவர்கள் எல்லாரும் தாழ்ந்த நிலைகளிலேயே வாசித்திருக்கிறார்கள். மரம் உயர்ந்திருக்கும் இடத்தில் ஃபிரெட்டில் தேய்க்க இடம் இருக்கிறது; மரம் நேராக இருக்கும் இடத்தில் ஃபிரெட் தேய்ந்துபோயிருக்கிறது. தாழ்ந்த பகுதியில் மட்டும் அதே அளவுள்ள புதுக் கம்பியைப் பதித்து, உயர்ந்த பகுதியின் பழைய ஃபிரெட்டுகளை 0.6 மி.மீ. உயரம் மிஞ்சும் அளவுக்குத் தேய்த்துவிட்டால், ஃபிரெட்டுகளின் உச்சிகள் அனைத்தும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். மரத்தில் ஒரு துகளும் போகாது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பாதி ஃபிரெட் மாற்றுவது அரைகுறை வேலை என்று தொழிலில் பலர் முகம் சுளிப்பார்கள். மேல் பகுதியில் தந்தியை வளைத்து வாசிப்பவருக்கு 0.6 மி.மீ. உயரம் தாழ்வாகவும் தோன்றும். உரிமையாளரின் கை பன்னிரண்டாவது ஃபிரெட்டைத் தாண்டுவது அரிது. அவர் வாசிக்கும் முறைக்கு இந்தக் குறை குறையாகாது. வேறொருவருக்கு நான் வேறு முடிவை எடுத்திருக்கலாம்.

பழைய ஃபிரெட்டுகளை எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அக்காலத்தில் ஃபெண்டர் ஃபிரெட்டுகளை மேலிருந்து அடித்துப் பதிக்காமல் பக்கவாட்டிலிருந்து வெட்டுப்பள்ளத்துக்குள் நுழைத்தது. அதனால் அவற்றின் அடிப்பற்கள் மரத்தில் நீளவாட்டில் தடம் பதித்திருக்கும். மேல்நோக்கிப் பிடுங்கினால் பற்கள் ரோஸ்வுட்டைச் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். ஃபிரெட்டின் ஓரத்தில் மறைத்திருக்கும் வார்னிஷைக் கூரிய கத்தியால் கீறிவிட்டு, சால்டரிங் இரும்பால் சூடேற்றி, மெல்லிய முள்ளால் பக்கவாட்டில் தட்டி வெளியேற்ற வேண்டும். வெளிவந்த ஒவ்வொரு ஃபிரெட்டின் அடியிலும் கறுத்த அழுக்கும் வியர்வை உப்பும் பிசினாகக் கிடந்தன; ரோஸ்வுட் ஓரிரு இடங்களில் மட்டும் மயிரிழையாகப் பெயர்ந்தது, அவற்றை அங்கேயே ஒட்டிவிட்டேன். புதுக் கம்பியின் வளைவை ஃபிங்கர்போர்டின் 184 மி.மீ. ஆரத்துக்குச் சற்று மிகையாக வளைத்துப் பதித்தேன்.

உடலோடு நெக்கைப் பிணைக்கும் நான்கு திருகுகளில் ஒன்று பிடிமானம் இழந்திருந்தது. அதனால் நெக் ஒருபுறம் நகர்ந்து, ஜி தந்தி மேல் ஃபிரெட்டுகளில் ஓரத்தைவிட்டு வழுக்கியது. அந்தத் துளையை மேப்பிள் முளையால் அடைத்து மறுபடி துளையிட்டேன். அட்டைத் துண்டுக்குப் பதிலாக, குழியின் முழுநீளத்துக்கும் அமரும்படி ஆப்புபோல் சீவிய மெல்லிய மேப்பிள் பட்டையைப் பசையிடாமல் வைத்தேன்.

பிக்கப்

பிரிசிஷன் பாஸின் பிக்கப் இரு துண்டுகள். ஒன்று ஈ, ஏ தந்திகளுக்கும் மற்றொன்று டி, ஜி தந்திகளுக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் எதிரெதிராக அமைந்து, தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் மின்னிரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தொடர் இணைப்பு என்பதால் ஒரு துண்டு அறுந்தாலும் நான்கு தந்திகளும் ஊமையாகும். வந்தபோது கேட்ட கீச்சு, அறுந்த இடத்தின் வழியே கசிந்த மேல் அதிர்வெண்கள் மட்டுமே.

மல்டிமீட்டரில் டி, ஜி துண்டு 5.3 கிலோ ஓம் காட்டியது. மற்றதில் தொடர்பே இல்லை. புது பிக்கப் வாங்கிப் போட்டுவிட்டுப் பழையதைப் பெட்டியில் வைத்துவிடலாம் என்பது இங்கே தவறான ஆலோசனையன்று. அது முழுக்க மீளக்கூடிய மாற்றம். ஆனால் நல்ல நிலையில் உள்ள பாதியைப் பெட்டியில் உறங்கவிடுவதற்கு முன் கெட்ட பாதியைப் பார்ப்பது நியாயம். அறுப்பு வெளிமுனையில், அதாவது சால்டர் வைத்த கண்ணருகே, இருந்தால் ஒரு சுற்றைப் பிரித்து மறுபடி ஒட்டினால் போதும். உருப்பெருக்கியில் பார்த்தபோது வெளிமுனை நன்றாகவே இருந்தது. உட்சுற்றுகள் நேரடியாகக் காந்தங்களின்மேல் சுற்றப்பட்டவை. அங்கே ஆல்னிகோ காந்தம் துருவேறி, எனாமலை அரித்து, 0.063 மி.மீ. விட்டமுள்ள அந்தச் செம்புக் கம்பியை உள்ளிருந்தே தின்றிருந்தது.

எனவே அந்தத் துண்டை மட்டும் மறுபடி சுற்றுவது என்று முடிவாயிற்று. பழைய கம்பியை வெட்டியெடுக்காமல் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, சுற்றும் திசையைக் குறித்துக்கொண்டு, காந்தங்களைத் துடைத்து அரக்குப்பூச்சு இட்டு, மெல்லிய நாடா சுற்றி, அதே 42 எண் எனாமல் கம்பியால் அதே எண்ணிக்கையில் சுற்றினேன். திசை மாறியிருந்தால் இரைச்சல் அழியாமல் கூடியிருக்கும். காந்தங்களை மீண்டும் வலுவேற்றவில்லை. நல்ல துண்டின் காந்தங்கள் காலத்தால் எந்த அளவுக்குத் தளர்ந்தனவோ அதே அளவுக்கு இவையும் தளர்ந்திருந்தன, ஒன்றை மட்டும் ஏற்றினால் தந்திகளுக்கிடையே சமநிலை கெடும். பொட்டென்ஷியோமீட்டர்களையும் பீங்கான் கப்பாசிட்டரையும் சுத்தம் செய்ததோடு விட்டுவிட்டேன்.

கூடுதல் குழியும் கறுப்புப் பூச்சும்

பிரிட்ஜருகே வெட்டப்பட்ட குழியில், ஃபெண்டரின் இன்னொரு மாதிரியான ஜாஸ் பாஸின் வகையைச் சேர்ந்த, இணைப்பே இல்லாத ஒரு பிக்கப் கிடந்தது. ஆல்டர் கட்டையால் குழியை நிரப்பி, வண்ணம் பூசி மறைப்பதே என் முதல் எண்ணம். உரிமையாளர் வாசிப்பதைப் பார்த்த பிறகு அதைக் கைவிட்டேன். அவர் கட்டைவிரலை அந்த பிக்கப்பின் மேல்தான் ஊன்றுகிறார், அதுவும் பல ஆண்டுப் பழக்கம். செயலற்ற பிக்கப்பின் காந்தம் தந்திகளை வீணே இழுப்பதால் அதை எடுத்துவிட்டு, அதே அளவிலும் உயரத்திலும் மேப்பிளால் ஒரு கட்டை செதுக்கி, அதே திருகுகளால் குழிக்குள் நிறுத்தினேன். பசை இல்லை. பின்னாளில் யாருக்கேனும் அங்கே பிக்கப் வேண்டுமென்றால் நான்கு திருகுகளைக் கழற்றினால் போதும்.

கறுப்புப் பூச்சை அகற்றி நைட்ரோசெல்லுலோஸ் சன்பர்ஸ்ட் அடிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. தடித்த பூச்சை உரிப்பதற்கு மறுபடி உப்புத்தாள் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே மழுங்கிய வளைவுகள் இன்னும் மழுங்கும். கிடைப்பதோ புதுப்பூச்சுதான். புதுப்பூச்சை வேண்டுமென்றே தேய்த்துப் பழசுபோல் ஆக்கும் வழக்கத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. நெக் குழியில் எஞ்சிய மஞ்சள் ஓரத்தை மட்டும் யாரும் துடைத்துவிடக் கூடாது.

தலையிலுள்ள முறுக்காணிகளுக்கு எண்ணெயும், பிரிட்ஜின் துருவேறிய சிறு திருகுகளுக்கு மாற்றும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

தந்திகளைத் தேர்வதும் பழுதுபார்ப்பின் பகுதியாகவே அமைந்தது. வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகள் புதுக் ஃபிரெட்டுகளைக் குறைவாகத் தேய்க்கும், இந்த பிக்கப்பின் குரலுக்கும் ஒத்துவரும்; ஆனால் இவ்வகையில் சில தொகுதிகளின் இழுவிசை மிக அதிகம், வாஷரை நம்பி நிற்கும் டிரஸ் ராடுக்கு அது ஆகாது. இழுவிசை குறைந்த தொகுதி ஒன்றைப் பொருத்தினேன். புகழ்பெற்ற பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷன் பாஸில் தட்டைச் சுற்றுத் தந்திகளை அறுந்தாலொழிய மாற்றியதில்லை என்பதை உரிமையாளர் மகிழ்ச்சியோடு நினைவூட்டினார். அவருக்கு அது ஒரு செலவு மிச்சம்.

திரும்பக் கொடுத்தபோது பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஈ தந்தியின் உயரம் 2.4 மி.மீ.; இரைச்சலின்றி எல்லா ஃபிரெட்டுகளும் ஒலித்தன. வாஷர்களின் எண்ணிக்கை, பிக்கப்பின் சுற்றுத் திசை, மாற்றிய ஃபிரெட்டுகள் எவை என்பதெல்லாம் எழுதிய தாளும், எடுத்த பழைய ஃபிரெட்டுகளும், செயலற்ற பிக்கப்பும் கருவிப் பெட்டியில் வைக்கப்பட்டன. பதினைந்தாவது ஃபிரெட்டுக்கு மேல் இனித் தேய்க்க இடமில்லை என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. அடுத்த முறை ஃபிரெட் வேலை வரும்போது அவ்வெழுச்சியை மரத்திலேயே சரிசெய்வதா என்ற கேள்வி மீண்டும் எழும், அதற்குள் நெக்கின் அடிப்பகுதி மேப்பிள் பட்டையின்மேல் அமர்ந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளந்த பிறகே அதை முடிவுசெய்ய வேண்டும்.